மக்கள் தொடர்பு வகுப்பும் வேலூர்க் கம்பெனிகளும்: கேள்வி பதில்

ராணிப்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றில் பிஆர்ஓவாக இருந்துவிட்டு, இப்போது கல்லூரியில் மக்கள் தொடர்பு பாடம் எடுக்கிறேன். கேளுங்கள்.

காட்பாடி, விரிவுரையாளர்: மேடம், நான்கு கம்பெனிகளோடு ஒப்பந்தம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு சிறப்புரை, ஒரு பொன்னாடை, அவ்வளவுதான். என்ன செய்யலாம்?

கம்பெனியிடம் உரை கேட்காதீர்கள், மாணவர்கள் தீர்க்க ஒரு பிரச்சினையைக் கேளுங்கள். கம்பெனி ஆள் செமஸ்டரில் மூன்று தடவை வந்தால் போதும்: பிரச்சினையைச் சொல்ல, நடுவில் வரைவைப் பார்க்க, கடைசியில் பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்ல.

பெரிய கம்பெனிதான் வேண்டும் என்றில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளைப் பாருங்கள். மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் நோயாளிக் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குகின்றன. சமைக்கலாமா, வாடகை முன்பணம் எவ்வளவு, நள்ளிரவில் வந்தால் கதவு திறப்பார்களா என்று ரிசப்ஷனில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மாணவர் அங்கே ஒரு காலை முழுக்க நின்று குறிப்பெடுக்கட்டும். வங்காள மொழி தெரிந்தவரோடு உட்கார்ந்து ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதட்டும். அப்புறம் அதே கேள்விகள் குறைந்தனவா என்று மறுபடி போய் எண்ணட்டும். ஆய்வு, திட்டம், தகவல், மதிப்பீடு நான்கும் அதில் வந்துவிடுகின்றன. பேப்பரில் வந்த செய்தியை அளந்து விளம்பரக் கட்டணத்தால் பெருக்கும் கணக்கு மட்டும் வேண்டாம். மக்கள் தொடர்பு வேலையின் பலனை அளக்கத் துறையினரே 2010இல் வகுத்த பார்சிலோனாக் கோட்பாடுகள் அதை ஒதுக்கிவிட்டன.

யார் வருவார், எத்தனை தடவை, மாணவர் எழுதியது யாருக்குச் சொந்தம், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

குடியாத்தம், மாணவர்: இன்டர்ன்ஷிப்புக்கு எந்தக் கம்பெனி நல்லது?

உங்கள் வரைவைத் திருத்தித் தர ஓர் ஆள் இருக்கும் கம்பெனி, தம்பி. போகும் முன்பே அவர் பெயரைக் கேளுங்கள்.

ஆம்பூர், ஷூ கம்பெனி எச்ஆர்: இடம் கொடுப்பது நாங்கள். மாணவர் எழுதும் அறிக்கையை நாங்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதானே கல்லூரிக்குப் போக வேண்டும்?

வாங்குபவர் பெயர், விலை, டிசைன் இவற்றை அடித்து நீக்குங்கள், நியாயம். கழிவுநீர் பற்றி எழுதியதை அடிக்காதீர்கள். பாலாற்றில் கலந்த தோல் கழிவுக்காக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் நாடு முழுக்கப் படிக்கிறார்கள். கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நம் ஊர்ப் பிள்ளை அதைத் தொடாமல் மக்கள் தொடர்பு படிக்க முடியுமா?

அதே ஆம்பூர்: அது பழைய கதை மேடம். இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது.

அப்படியானால் காட்டுங்கள் சார். தருகிற தகவலைச் சரிபார்க்கப் பத்திரிகைகளுக்கு உதவுவோம் என்று அமெரிக்க மக்கள் தொடர்பு முன்னோடி ஐவி லீ 1906லேயே எழுதிக் கொடுத்தார். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கையில் கொடுங்கள். பார்த்து எழுதிய ஒரு பக்கத்துக்கு இருக்கும் மரியாதை உங்கள் பளபளப்பு மலருக்குக் கிடைக்காது.

வாணியம்பாடி, மாணவி: அப்பா டேனரியில், தோல் பதனிடும் ஆலையில், வேலை செய்கிறார். நான் குறை எழுதினால் அவர் வேலை என்னாகும்?

நீங்கள் எழுத வேண்டாம் அம்மா. பெற்றோர் வேலை செய்யும் இடத்தை அவர்கள் பிள்ளைக்கே ப்ராஜெக்டாகக் கொடுக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் வேலை. இதை அப்படியே அவரிடம் காட்டி வேறு இடம் கேளுங்கள்.

வாலாஜா, மாணவர்: சம்பளம் இல்லை. நாள் முழுக்க இன்ஸ்டாகிராம் போஸ்ட் போடச் சொல்கிறார்கள்.

அது பயிற்சி இல்லை, வேலை. வேலைக்குக் கூலி உண்டு. முதல் நாளே எழுத்தில் வாங்கினீர்களா? இல்லையென்றால் துறைத் தலைவர் மூலம் இன்றே கேளுங்கள்.

ஆரணி, மாணவர்: எந்தக் கம்பெனிக்குப் போகலாம் மேடம்?

குடியாத்தம் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பத்தூர், மாணவர்: போகாமல் சர்டிபிகேட் மட்டும் கிடைக்குமா?

என்னிடம் கேட்காதீர்கள்.

ஆம்பூர் மறுபடியும்: சரி, கூட்டிப் போகிறோம். மார்க் யார் போடுவார்கள்?

ஆசிரியர். நீங்கள் குறிப்பு எழுதலாம், அது மாணவருக்கும் போகும். இதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்து அனுப்புங்கள் சார், எங்கள் துறையில் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.