ஏழு வயதுக் குடும்பத் தலைவர்

வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னேன். ஒரு சிறுமி தன் ஆயாவையும் (பாட்டியையும்) இரண்டு ஆட்டுக்குட்டிகளையும் வரைந்திருந்தாள். அவளுடைய பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, 'அம்மா அப்பா எங்கே? முழுசா வரைஞ்சுட்டு வா' என்றார். அவள் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எம்.எட். ஆய்வும் செய்கிறேன். மாணவர்களின் குடும்பச் சூழல்தான் தலைப்பு. வினாத்தாளில் கூட்டுக்குடும்பம், தனிக்குடும்பம், சிதைந்த குடும்பம் என மூன்று பிரிவு வைக்கச் சொல்கிறார் நெறியாளர். மூன்றாவது வேண்டாமே என்றேன். 'குடும்ப அமைப்பே வேண்டாம் என்கிறீர்களா?' என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

இருபது வருடங்களுக்கு முன்னால் நானும் படிவங்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவன். சேலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு. ஒரு பெண்ணும் அவருடைய நாத்தனாரும் இருந்தார்கள். இருவருமே கணவரை இழந்தவர்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்து, ஒரே உலையில் பொங்கிச் சாப்பிட்டு, ஒரு பையனை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். 'குடும்பத் தலைவர் யார்?' என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் நாத்தனார் சொன்னார்: 'பையன் பேரையே எழுதிக்கோங்க.' எழுதினேன். வயது 7.

சரிபார்க்கும்போது தலைவரின் வயது பிழை என்று அந்தப் படிவத்தை ஒதுக்கிவிட்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை. உழைத்து வீட்டை நடத்திய இரண்டு பெண்கள் எங்கள் ஆய்வில் இல்லாமலே போனார்கள். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

'சிதைந்த குடும்பம்' என்று அச்சடித்துக்கொண்டு போனால், ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்பே முடிவை எழுதிவிட்டோம் என்றுதான் அர்த்தம். ஆய்வு என்ற அளவிலும் அது நஷ்டமே. அப்பா இறந்துபோன பிள்ளை, அம்மா பிரிந்து வந்து வளர்க்கிற பிள்ளை, ஆயாவிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் வேலைக்குப் போயிருக்கிற பிள்ளை. மூன்று பேருடைய நிலையும் தேவையும் வேறு வேறு. ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டு அப்புறம் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் அதில் என்ன தெரியப் போகிறது?

பெரிய அறிஞர்களே இதில் தடுக்கியிருக்கிறார்கள். அமெரிக்க மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் 1949-ல் 250 சமூகங்களை ஒப்பிட்டு, தாய் தந்தை பிள்ளைகள் என்ற தனிக்குடும்பம் உலகம் முழுக்க உண்டு என்று எழுதினார். பக்கத்தில் இருக்கிற கேரளத்தின் பழைய நாயர் தறவாடு, அதாவது நாயர் சமூகத்தின் தாய்வழிக் கூட்டுவீடு, அதற்குள் அடங்கவில்லை. மத்தியக் கேரளத்தில் கணவன் இரவில் வந்துவிட்டுப் போகிறவனாக இருந்தான். பிள்ளைகள் வளர்ந்தது அம்மாவின் வீட்டில். தாய்வழி ஆண்களில் மூத்தவரான காரணவர் வீட்டை நிர்வகித்தார். மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1959-ல் இந்த நாயர்களை முன்வைத்துத்தான் திருமணம் என்பதன் வரையறையையே மாற்றி எழுதினார். அவர்களிடம் ஏதோ குறைகிறது என்று அவர் எழுதவில்லை.

நெறியாளர் கேட்ட கேள்விக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களை ஒரு வீட்டாராக எண்ணுகிறது. ரத்த உறவு இருந்தே ஆகவேண்டும் என்று சொல்வதில்லை. 2023-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், மணமாகாத தனித்த பெண்கள், கைம்பெண்கள், திருநங்கைகள் தலைமையில் இருக்கும் வீடுகளில் அவர்களே குடும்பத் தலைவிகள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பிறந்த வீட்டார் தடுத்து வைத்திருந்த ஒரு பெண்ணைத் தான் விரும்பிய பெண்ணோடு போக அனுமதித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றும் அந்தத் தீர்ப்பில் சொன்னது. இத்தனை வீடுகளையும் குடும்பம் என்று ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிற உங்களை எப்படிக் குடும்பத்துக்கு எதிரி என்று சொல்ல முடியும்?

பிரிவுகளை முதலில் போடாதீர்கள். உங்கள் வீட்டில் ராத்திரி யார் யார் தூங்குவீர்கள், சமைப்பது யார், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது யார், வெளியூரிலிருந்து பணம் அனுப்புவது யார், போனில் பேசுவது யார் என்று கேளுங்கள். பதில்கள் வந்தபிறகு அவற்றிலிருந்து பிரிவுகளை எடுக்கலாம். பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள், வகுப்பில் எழுப்பி நிறுத்தி வேண்டாம். சொல்லப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அந்தச் சிறுமியிடம் மடித்து வைத்த படத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். மற்ற படங்களோடு அதையும் சுவரில் ஒட்டுங்கள். ஆட்டுக்குட்டிகளுக்கு நிச்சயம் பெயர் இருக்கும், அதையும் அவளையே எழுதச் சொல்லுங்கள்.

வினாத்தாள் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்.