ஆறு புள்ளி வண்டும் கட்டெறும்பும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டு அடிவாரத்தில் உள்ள எங்கள் குச்சிக்கிழங்குக் காட்டில், மழை பெய்த மறுநாள் மாலை, கருத்த உடலில் ஆறு வெள்ளைப் புள்ளிகள் கொண்ட பெரிய பூச்சியொன்று வரப்பில் ஓடியது. பிடித்தபோது அது பின்புறத்திலிருந்து பீய்ச்சிய நீர் கையில் பட்டு, கட்டெறும்பு கடித்தாற்போல் எரிந்தது. நெடியும் அதே நெடி. இது ராணி எறும்பா, எறும்புக்கு உறவான வண்டா?

வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பிடித்தது ராணி எறும்பன்று. ஆந்தியா செக்ஸ்குட்டேட்டா என்னும் தரைவண்டு. ஆனால் உங்கள் மூக்கு ஏமாறவில்லை. வண்டு பீய்ச்சியதிலும் கட்டெறும்பின் நஞ்சிலும் இருப்பது ஃபார்மிக் அமிலந்தான். எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்த அமிலம் பெறப்படுவதை ஆங்கில இயற்கை ஆய்வாளர் ஜான் ரே 1671இல் எழுதினார். எறும்பின் லத்தீன் பெயரே அமிலத்துக்கும் நிலைத்துவிட்டதால், வண்டின் பங்கு பெயரில் இல்லாமற்போயிற்று.

உறவு என்று சொல்ல ஏதுமில்லை. எறும்பு குளவியின் வழிவந்தது. வண்டின் மரபு அதனின்று 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. ஒரே சரக்கை இரு வீட்டாரும் தனித்தனியே காய்ச்சக் கற்றுக்கொண்டனர் என்றே கொள்ள வேண்டும்.

அடுத்த முறை உணர்கொம்பைப் பாருங்கள்: கட்டெறும்புக்கு அது முழங்கைபோல் மடங்கியிருக்கும், வண்டுக்கு மடிப்பின்றி நூல்போல் நீண்டிருக்கும். கட்டெறும்பின் இடுப்பில் ஒற்றைக் கணு உண்டு. வண்டின் முதுகையோ தடித்த ஓடு மூடியிருக்கும். அது பறக்காது.

அமிலத்தைச் செலவிடும் விதமும் வேறு. கட்டெறும்புக்குக் கொடுக்கு இல்லை. தாடையால் கடித்து, வயிற்றை முன்னோக்கி வளைத்து, கடிவாயிலேயே அமிலத்தைத் தெளிக்கிறது. ஆகவே 'எறும்பு கடித்தது' என்று நாம் சொல்வது கட்டெறும்புக்கு மிகச் சரி. கொடுக்கால் குத்தும் நெருப்பெறும்புக்குத்தான் அச்சொல் முழுதாகப் பொருந்தாது. வண்டு இரையைத் தாடையாலேயே பிடித்துவிடும். அமிலம் அதற்குத் தற்காப்பு மட்டுமே.

வேலமரக் கிளையில் கட்டெறும்பைச் சற்று நேரம் கவனியுங்கள். முதுகில் கொம்பு முளைத்தாற்போன்ற சிறு பூச்சிகளை உணர்கொம்பால் தட்டித் தட்டி, அவை விடும் இனிப்பு நீரை வாங்கி, வயிறு உப்பக் கூட்டுக்குக் கொண்டுபோகும். அந்தப் பூச்சிகளை நெருங்கும் எதன்மீதும் பாயும். வண்டுக்குக் கூடும் இல்லை, காவல் காக்க ஒன்றும் இல்லை. இரவில் தனியே அலைந்து பிற பூச்சிகளைத் தின்னும். எனவே உங்கள் காட்டுக்கு அதனால் கேடில்லை, கொல்ல வேண்டாம்.

ஆனால் அதன்மேல் குனிந்து முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். அந்த நீர் கண்ணில் பட்டால் கசக்காமல், தூய நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.