மாட்டு வண்டி பொறித்த அரை டாலர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகன் ஒரு வெள்ளிக் காசு கொண்டுவந்தான். ஒரு பக்கம் மாட்டு வண்டி, மறுபக்கம் வில்லோடு ஒரு செவ்விந்தியர். 1926 என்று போட்டிருக்கிறது. என்ன காசு இது?

பதில்: ஓரிகன் டிரெயில் நினைவு அரை டாலர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மிசௌரிப் பக்கமிருந்து மேற்கே ஓரிகனுக்குச் சுமார் 2,000 மைல் வண்டி கட்டிப் போன குடியேறிகளின் நினைவாக அடித்தது. அப்படி 1852-ல் போனவர்களில் ஒருவர் எஸ்ரா மீக்கர். தடம் மறந்துபோகிறதே என்ற ஆதங்கத்தில் 1906-ல், 75 வயதில், மறுபடி மாட்டைப் பூட்டி வந்த வழியே கிழக்கு நோக்கிக் கிளம்பினார். வழியெங்கும் நினைவுக்கல் நட வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். அந்த வேலைக்கு நிதி திரட்டத்தான் இந்தக் காசு; அரை டாலரை ஒரு டாலருக்கு விற்றார்கள்.

வடிவமைத்தவர்கள் ஜேம்ஸ் எர்ல் ஃபிரேசரும் அவர் மனைவி லாரா கார்டின் ஃபிரேசரும். செவ்விந்தியர் அமெரிக்க வரைபடத்தின் மேல் கையை நீட்டி நிற்பதைப் பாருங்கள். அவர்கள் நிலத்தின் வழியாகத்தான் அந்த வண்டிகள் அத்தனையும் போயின. இந்தக் காசை எடுக்கும்போதெல்லாம் வண்டியைவிட அந்தக் கையைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன்.

கேள்வி: காசு கறுத்திருக்கிறது. வெள்ளி விளக்குக்குப் போடுவதுபோல விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். விபூதி, புளி, பல்பொடி எதுவும் கூடாது. நான் வாங்கிய முதல் நினைவு அரை டாலரை விபூதியும் பழைய வேட்டித் துணியும் வைத்துப் பளபளவென்று ஆக்கினேன். விற்கப் போனபோது கடைக்காரர் பத்து மடங்கு லென்ஸில் ஒரு தடவைதான் பார்த்தார். பேசாமல் என் பக்கம் தள்ளிவிட்டார். நானும் பார்த்தேன். காசு முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள்.

அச்சு இறங்கும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. அதில் விழும் கண்ணுக்குத் தெரியாத வரிகள்தான் அசல் மெருகு. தேய்க்காத காசை விளக்கடியில் சாய்த்தால் வெளிச்சம் வண்டிச் சக்கர ஆரம்போலச் சுழலும். ஒருமுறை தேய்த்துவிட்டால் அந்தச் சுழற்சி திரும்ப வராது. கறுப்பு என்கிறீர்களே, அது காற்றிலுள்ள கந்தகம் பட்டு வந்த படலம். நீலமும் பொன்னுமாக அழகாகப் படிந்திருந்தால் அதற்கே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு.

பிவிசி உறையில் கிடந்து பச்சைப் பிசுக்கு ஏறியிருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் வேறு சமாச்சாரம். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கக் கூடாது. பிறகு மைலார் (பிவிசி கலக்காத பிளாஸ்டிக்) உறைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: இந்த வரிசை முழுவதையும் சேர்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: ஆசையைக் கொஞ்சம் அடக்கித் தொடங்குங்கள். 1926 முதல் 1939 வரை, ஆண்டும் மின்ட்டும் (காசு அடிக்கும் சாலை) மாற்றி மாற்றி 14 வகை அடித்தார்கள். 60 லட்சம் காசுக்கு அனுமதி. விற்றது சுமார் 2 லட்சம். சேகரிப்பவர்கள் தலையில் புதிது புதிதாகக் கட்டுகிறார்கள் என்று கூச்சல் கிளம்பி, 1939-ல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு நிறுத்தியது. அந்தக் கடைசி ஆண்டுக் காசுகள் மின்ட்டுக்குச் சுமார் 3,000 மட்டுமே. அங்கேதான் பணம் கரையும். முதலில் 1926 சான்ஃபிரான்சிஸ்கோ காசு ஒன்றை வாங்குங்கள். அதுதான் அதிகம் கிடைப்பது. மூன்று சுமாரான காசுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல காசு வாங்குவது என் பழக்கம்.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்கு வருகிறதே, போலியா?

பதில்: பெரும்பாலும். எடை 12.5 கிராம், விட்டம் 30.6 மி.மீ., 90 சதவீத வெள்ளி. நகைக்கடைத் தராசே போதும். காந்தத்தில் ஒட்டினால் பேச்சே இல்லை, போலி. ஒட்டாததாலேயே அசலாகிவிடாது, விளிம்பு வரிகளைச் சுற்றிப் பாருங்கள், வார்ப்பு ஒட்டுக்கோடு தெரிந்தால் வைத்துவிடுங்கள். காசைச் சோதித்து, தரம் குறித்துப் பெட்டியில் அடைத்துத் தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களின் பெட்டியிலேயே போலி வருகிறது, ஆகவே சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, படத்தோடு காசை ஒப்பிடுங்கள்.

கேள்வி: என்னிடமுள்ள டேனியல் பூன் அரை டாலரில் 1935-உம் இருக்கிறது, பொடியாக 1934-உம் இருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை. அமெரிக்காவின் மேற்கு எல்லையில் வழிதிறந்த முன்னோடி பூன்; அவர் பிறந்த 200-ஆம் ஆண்டு 1934. அடுத்த ஆண்டும் அடித்தபோது 1934-ஐத் தனியாகப் பொறித்தார்கள். கூடவே டி (டென்வர் மின்ட்) அல்லது எஸ் (சான்ஃபிரான்சிஸ்கோ மின்ட்) எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த வகை ஒவ்வொன்றிலும் சுமார் 2,000 காசுதான். பத்திரம்.

கேள்வி: கூண்டு வண்டி போட்ட ஒரு அவுன்ஸ் வெள்ளி வட்டு இருக்கிறது. மதிப்பு எதுவும் அச்சிடவில்லை.

பதில்: அது காசே இல்லை, தனியார் அடித்த பதக்கம். வெள்ளி விலைக்கு மேல் கேட்டால் வாங்காதீர்கள்.