தேக்கடி படகில் யானை தெரியாவிட்டால் போனது வீணா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: அறுபது தாண்டிய அப்பா அம்மாவைத் தேக்கடிக்கு அழைத்துப் போக வேண்டும். ஏரியில் அவசரமில்லாமல் ஒரு படகுச் சவாரி, வழிகாட்டியுடன் கொஞ்ச நேரம் காட்டு நடை. ஆனால் போய் வந்தவர்களில் பாதிப் பேர் "ஒண்ணுமே தெரியல, காசு தண்டம்" என்கிறார்கள். போகலாமா?

தாராளமாகப் போகலாம். தேனிப் பக்கம் குடியிருப்பதால், வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் தேக்கடிக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள் எல்லாரும் படகை மிருகக்காட்சிசாலைக்குள் ஓடும் வண்டி மாதிரி நினைத்து ஏறியவர்கள். படகு காட்டுவது ஏரியை. காட்டைக் காட்டுவது நடை. எதில் எதை எதிர்பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

முதலில் ஏரி. இது இயற்கையாக அமைந்த ஏரி இல்லை. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை ஆற்றை மறித்ததால் பள்ளத்தாக்கு நிரம்பி உண்டான நீர்ப்பரப்பு, ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர். படகில் போனால் அணையைப் பார்த்துவிடலாம் என்று நம்பி வருகிறவர்கள் நிறையப் பேர். பார்க்க முடியாது. அணை ஏரியின் இன்னொரு கோடியில் இருக்கிறது, சுற்றுலாப் படகு அந்தப் பக்கமே போகாது. ஆனால் மேற்கே ஓட வேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்புகிற வழி தேக்கடியில்தான் தொடங்குகிறது. அடிவார ஊரான லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறும்போது சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களை அப்பாவுக்குக் காட்டுங்கள். மேலே நீங்கள் படகில் சுற்றப்போகிற அதே தண்ணீர்தான் அதற்குள் இறங்கி, மின்சாரம் எடுத்தபிறகு கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்கும் வைகைக்கும் போகிறது. அங்கேயே பென்னிகுயிக்குக்கு 2013இல் திறந்த மணிமண்டபமும் இருக்கிறது. பத்து நிமிடம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம். (எங்கள் பக்கம் அவர் படம் இல்லாத டீக்கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.)

அணைக் கதையை எதற்கு இழுக்கிறேன் என்றால், விலங்கு தெரியுமா தெரியாதா என்பதே பெரும்பாலும் அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்தது. மட்டம் 140 அடியை நெருங்கும் மாதங்களில் தண்ணீர் காட்டின் விளிம்பு வரை ஏறி நிற்கும். யானை மரத்தடியில் நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்பிவிடும். படகிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பச்சைச் சுவர் மட்டும்தான். மட்டம் இறங்க இறங்கக் கரையோரம் வெட்டவெளியாகி இளம்புல் முளைக்கும். காட்டுக்குள் குட்டைகளும் வற்றத் தொடங்கியிருக்கும். அப்போது யானையும் காட்டுமாடும் மிளா என்கிற பெரிய மானும் வெளியே வந்தே ஆக வேண்டும். மாசி, பங்குனியில் போனவர் குட்டியோடு யானைக் கூட்டத்தைப் பார்த்தேன் என்பதும், ஐப்பசியில் போனவர் ஒன்றுமே பார்க்கவில்லை என்பதும் இதனால்தான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன் செய்தித்தாளில் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைப் பாருங்கள், எங்கள் பக்கத்துப் பதிப்புகளில் தவறாமல் வரும். 120 அடியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால் நம்பிக்கையோடு வாருங்கள்.

புலி தெரியுமா என்று அம்மா கேட்டால், தெரியாது என்றே சொல்லிவிடுங்கள். 1978இல் புலிகள் காப்பகம் ஆன இந்தக் காடு இன்று 925 சதுர கிலோமீட்டர். அதில் சுற்றுலாப் பயணிகளை விடுவது ஓர் ஓரத்தில் மட்டும். டீசல் இயந்திரச் சத்தத்தோடு நூறு பேர் வருகிற அந்த ஓரத்தில் புலி வந்து காத்துக்கொண்டிருக்காது.

அப்படியானால் படகில் என்னதான் பார்ப்பது? எனக்குப் பிடித்தது ஏரிக்கு நடுவே கறுத்து நிற்கும் மொட்டை மரங்கள். தண்ணீர் ஏறியபோது முங்கிப்போன காட்டின் மிச்சம் அவை. நீருக்கடியில் காற்றோட்டம் இல்லாததால் மரம் மக்குவது மிக மெதுவாக நடக்கிறது, நூற்றாண்டு கடந்தும் அடிமரம் ஊன்றி நிற்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மட்டும் நனைந்தும் காய்ந்தும் தேய்ந்து, வரிவரியாகப் பிளந்து போயிருக்கும். அந்த முனைகளில் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் உட்கார்ந்திருக்கும். பாம்புத்தாராவைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நீந்தும்போது உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும், மெலிந்த கழுத்து மட்டும் வெளியே வளைந்து வளைந்து வரும். வாத்தைப் போல அதன் இறகில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடாது, ஊறிவிடும். ஊறினால்தான் சுலபமாக முங்க முடியும். மீனைக் கவ்வாமல் கூரிய அலகால் குத்திப் பிடிக்கும், மேலே வந்து உதறித் தூக்கிப்போட்டுத் தலைப்பக்கமாக விழுங்கும். அப்புறம் ஏதாவது ஒரு கட்டையில் ஏறி, இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டே நிற்கும். படகு பக்கத்தில் போனாலும் பல நேரம் பறக்காது. ஒன்றரை மணி நேரச் சவாரியில் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. இதைவிட நிதானமாக ஒரு காட்டுப் பறவையைப் பார்க்கப் பெரியவர்களுக்கு வேறு எங்கே வாய்க்கும்?

கரையில் கரிய உருவங்கள் தெரிந்தால் காலைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போலிருந்தால் காட்டுமாடு. நாம் காட்டெருமை என்று கூப்பிட்டாலும் அது எருமை இனம் இல்லை. சிறு கூட்டமாக வழவழவென்று நீந்தி, கரையேறி, ஒன்றன்மேல் ஒன்று புரள்பவை நீர்நாய்கள். அவை தெரிந்தால் அன்றைக்கு நீங்கள் கொடுத்துவைத்தவர்.

படகில் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்ததும் கழற்றிவிடுகிற ஆட்களை எல்லாச் சவாரியிலும் பார்க்கலாம். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி இந்த ஏரியில்தான் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். விலங்கு தெரிந்ததும் எழுந்து ஒரே பக்கமாக ஓடுவதுதான் இரண்டு தட்டுப் படகில் செய்யக்கூடாத முதல் காரியம். மேல்தட்டுக் கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால் படகின் சமநிலையே மாறிவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தால் சரி, தெரியாவிட்டாலும் சரி என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி நடை. உண்மையில் தேக்கடிக்கு நான் போவது இதற்காகத்தான். வனத்துறை நடத்துகிற நேச்சர் வாக்கில் நாலைந்து பேருக்கு ஒரு வழிகாட்டி வருவார். சுமார் மூன்று மணி நேரம் ஆகும். வழிகாட்டிகளில் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்த மன்னான், பளியர் சமூகத்தினர். அவர்களோடு தமிழிலேயே பேசலாம் என்பது நமக்குப் பெரிய வசதி. இங்கே மேலும் ஒரு விசேஷம் உண்டு. ஒரு காலத்தில் இந்தக் காட்டில் வயணப் பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) உரித்துக் கடத்தியவர்களில் ஒரு குழுவினர், வனத்துறையோடு சேர்ந்து காவலுக்கும் வழிகாட்டும் வேலைக்கும் மாறினார்கள். இரவு காட்டில் தங்கும் 'டைகர் டிரெயில்' பயணத்தை அவர்கள்தான் நடத்துகிறார்கள். அது உங்கள் திட்டத்துக்கு ஒத்துவராது. முழு நாள் எடுக்கும் மூங்கில் மிதவைப் பயணமும் வேண்டாம், அதிலும் நடை அதிகம்.

நடையில் யானை எதிரே வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாதீர்கள், நடந்துபோகிறவருக்கு அது நல்ல செய்தி இல்லை. பார்க்க வேண்டியது தடயங்களை. நல்ல வழிகாட்டி யானை லத்தியைப் பார்த்தே அது இன்று காலை போட்டதா, நேற்றையதா என்று சொல்லிவிடுவார். பழையதில் குட்டிக் காளான் முளைத்திருக்கும், மூங்கில் நார் வெளுத்திருக்கும். மரப்பட்டையில் மேலே மேலே ஏறும் நகக்கீறல், தேனடை தேடிக் கரடி ஏறிய வழி. தோண்டிப் போட்ட கறையான் புற்றும் அதன் வேலைதான். வழுவழுவென்று வெளிறி நிற்கிற மரத்தைத் தடவச் சொல்லி, "இது வெண்தேக்கு, பட்டையைத் தானாவே உரிச்சுப்போட்டுக்கும்" என்பார். ஆளுயரத்துக்கு அதில் சேறு அப்பியிருந்தால், யானை சேற்றில் குளித்துவிட்டு வந்து முதுகு சொறிந்த இடம் என்று அர்த்தம்.

தலைக்கு மேலே பழத்தோலும் மென்ற துணுக்கும் உதிர்ந்துகொண்டே இருந்தால் அண்ணாந்து பாருங்கள். மலை அணிலாக இருக்கலாம். நம் வீட்டு அணிலை நினைத்துக்கொண்டு தேடினால் தவறவிட்டுவிடுவீர்கள். இது பூனை அளவு இருக்கும். முதுகு செம்பழுப்பும் கறுப்பும், வயிறு வெளிர்மஞ்சள், உடம்பைவிட நீளமான வால். தரைக்கு அதிகம் இறங்காது, கிளைக்குக் கிளை தாவியே காட்டைக் கடந்துவிடும். தூரத்தில் உறுமல் போல "ஹூ... ஹூ..." என்று கேட்டால் பயப்பட வேண்டாம், கருமந்திக் குரங்கு. அதே கருமந்தி திடீரென்று வேறு தொனியில் கத்தினால் வழிகாட்டி கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்துவார். கீழே ஏதோ நடமாடுவதை அது பார்த்திருக்கிறது. அந்த இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் நிற்பது, என்னைக் கேட்டால், யானையைப் பார்ப்பதைவிடச் சுவாரசியம். விலங்கு வந்தாலும் வராவிட்டாலும் சரி.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அம்மா என்னைத் திட்டுவார். மழைக்காலத்தில் அட்டை உண்டு, நிறையவே உண்டு. காலணிக்குள் மாட்டி முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டுகிற அட்டைக் காலுறையைக் கொடுப்பார்கள், அதைப் பேன்ட்டுக்கு மேலே இழுத்துக் கட்டுங்கள். கடித்தால் வலிக்காது, ரத்தம் உறையாமல் இருக்க அது எச்சிலோடு ஒரு பொருளைச் சேர்த்து விடுவதால் கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான். பிடித்து இழுக்காமல் வாய்ப்பக்கத்தில் நகத்தை நுழைத்து நெம்பினால் விட்டுவிடும். உப்பு வைத்தாலும் விழும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மழைக்கால நடையைத் தவிர்ப்பது நல்லது. இதய மருத்துவம் பார்த்துக்கொண்ட பெரியவர்களிடம் இந்த மாத்திரை சகஜம், கேட்டுக்கொள்ளுங்கள்.

முழங்கால் விஷயத்திலும் நேர்மையாக இருங்கள். தடம் செங்குத்தாக ஏறாது, ஆனாலும் வேரும் மேடுபள்ளமும் உண்டு, மழை பெய்திருந்தால் வழுக்கும். வீட்டில் இரண்டு மாடி சிரமமில்லாமல் ஏறி இறங்குகிறவர் தாராளமாக நடக்கலாம். அப்பாவுக்கு முடியும், அம்மாவுக்கு முடியாது என்றால் நடை நேரத்தில் அம்மா விடுதியிலேயே ஓய்வெடுக்கட்டும். படகுத்துறையில் உட்காரவைத்துவிட்டுப் போகாதீர்கள். அங்கே குரங்குகள் தின்பண்டப் பையைக் கையிலிருந்தே பிடுங்கும். படகுத்துறைக்கு இறங்கவும் கொஞ்சம் படியும் சரிவும் இருக்கிறது. நீர்மட்டம் குறைந்த காலத்தில், அதாவது விலங்கு நன்றாகத் தெரிகிற காலத்தில், இறங்க வேண்டிய தூரம் இன்னும் கூடும். இரண்டும் சேர்ந்தே வரும், வேறு வழியில்லை.

ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம். காலையில் முதல் நேர நடை, மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம், பிற்பகலில் கடைசிப் படகு. குரங்கும் பறவையும் காலையில்தான் சுறுசுறுப்பு. கரைக்கு மேய வரும் விலங்குகள் வெயில் தணிந்த பிறகு. பனிமூட்டத்தில் ஏரியைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் இதைத் திருப்பிப் போட்டு முதல் படகில் ஏறுவார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். நட்டநடு மதியப் படகு மட்டும் வேண்டாம். சீட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள், அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். பிளாஸ்டிக் பையை உள்ளே விடமாட்டார்கள்.

கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டத்தால், தேக்கடியை ஒட்டிய ஊரான குமுளிக்கு வரும் பாதை திணறும். சில நாட்களில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். சித்ரா பௌர்ணமியன்று வரவே வராதீர்கள். காட்டுக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் அந்த ஒரு நாள்தான் அனுமதி என்பதால் குமுளி முழுக்க ஜீப்பும் ஜனமுமாக இருக்கும். கோயிலுக்கே போக வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால் அது தனிப் பயணம், அன்றைக்குப் படகையும் நடையையும் மறந்துவிடுங்கள்.