பரணில் கிடக்கும் டிரம் செட்

நம் குமரி மாவட்டத்துச் சர்ச்சுகளில் ரிதம் பேட், அதாவது தட்டினால் டிரம் சத்தம் தரும் மின்னணுக் கருவி, புகுந்ததிலிருந்து பழைய டிரம் செட்டுகள் பலவும் பரணுக்குப் போய்விட்டன. யாராவது விலை பேசுகிறார்கள், யாராவது வாங்கி வருகிறார்கள், அப்புறம் எனக்குக் கேள்வி வருகிறது. இம்முறை வந்தவற்றில் சில.

“அண்ணே, அஞ்சு பீஸ் பழைய செட் ஒண்ணு விலைக்கு வருது. ரிம், ஸ்டாண்டு எல்லாம் துரு. வாங்கலாமா?” (கொளச்சல்)

துரு இருக்கட்டும், முதலில் மரத்தைப் பாருங்கள். ஹெட் (அடி வாங்கும் மேல்பரப்பு), அதை இறுக்கிப் பிடிக்கும் ரிம் வளையம், ஸ்டாண்டு எல்லாம் இன்றும் கடையில் கிடைக்கும். கோணிப்போன ஷெல்லை, அதாவது டிரம்மின் மர உடலை, வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஹெட்டைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லையா, பேச்சை அங்கேயே முடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கழற்றியதும் டேப்பை வைத்து ஷெல்லின் விட்டத்தை நாலு திசையில் அளந்து பாருங்கள். நாலும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். அடுத்து, பாலிஷ் போட்ட கிரானைட் பலகை ஒன்று வேண்டும். மயிலாடிப் பக்கம் கல்லுக்கா பஞ்சம்? இல்லாவிட்டால் சமையல் மேடையே போதும். அதன்மேல் ஷெல்லைக் கவிழ்த்து, உள்ளே போன் லைட்டைப் போட்டு, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். அடியில் வெளிச்சம் கசிகிற இடத்தில் பேரிங் எட்ஜ், அதாவது ஹெட் உட்காரும் விளிம்பு, சமமாக இல்லை என்று அர்த்தம். ஹெட்டை எப்படி முறுக்கினாலும் அந்த டிரம் சுதி சேராது. நூல் அளவு கசிவு என்றால் அதே கல்லில் உப்புத்தாளை ஒட்டி, ஷெல்லைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துச் சமப்படுத்தலாம். விரல் நுழைகிற இடைவெளி என்றால் வேண்டாம்.

இனி துரு. உப்புக் காற்று குரோம் பூச்சின் நுண்ணிய ஓட்டைகள் வழியாக இறங்கி அடியில் உள்ள இரும்பைத் தின்னும். சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் மேல்துரு போய்விடும். புள்ளிபுள்ளியாக விழுந்த குழி போகாது, இருந்துவிட்டுப் போகட்டும். துடைத்துக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெயை லேசாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடித்துத் தூசி சேர்க்கும்.

இறுகிப்போன டென்ஷன் ராடை, அதாவது ரிம்மை இறுக்கும் நீள ஸ்குரூவை, பிளேயர் போட்டுத் திருகாதீர்கள். அதைப் பிடித்திருக்கும் லக் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு, ‘டப்’பென்று விண்டுவிடும். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள், காலையில் தானே இளகும்.

“லுட்விக் செட், 1964 மாடல் என்கிறார். பேட்ஜில் நம்பரும் இருக்கிறது. நம்பலாமா?” (மார்த்தாண்டம்)

1964-இல் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்தபோது அவர்களின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் உட்கார்ந்திருந்தது லுட்விக் செட்டின் பின்னால். அன்றிலிருந்து விற்கிறவர்கள் எல்லோருக்கும் ‘1964 மாடல்’ மேல் தனிப் பாசம். லுட்விக் என்ற அந்த அமெரிக்கக் கம்பெனி வரிசை எண் போட ஆரம்பித்ததே 1963-இன் கடைசியில்தான். அந்த எண்களும் ஆண்டு வரிசைப்படி ஓடவில்லை. பேட்ஜ் தனியாகவே விலைக்குக் கிடைக்கும். அதனால் உள்ளே பாருங்கள். அறுபதுகளின் ஷெல் பலவற்றில் மை முத்திரையாகத் தேதி இருக்கும். தேவையில்லாத ஓட்டை, ஓட்டையை அடைத்த தடம், லக் மாற்றிய அடையாளம் ஏதாவது இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

உட்புறம் செம்பழுப்பாக, லேசான மரமாக இருந்தால் அது ஜப்பானில் செய்து வேறு வேறு பெயர் ஒட்டி விற்ற செட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மரம் லுவான். வாசிக்க வாங்குகிறவர் அதைத் தாராளமாக வாங்கலாம். என் முதல் செட்டே அதுதான். லுட்விக் விலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

“ஷெல்லின் அடியில் தினமும் மாவு போல் தூள் விழுகிறது.” (குலசேகரம்)

உளுத்துப்போகிறது. இன்றைக்கே அதை மற்ற மரச்சாமான்களிடமிருந்து பிரித்து வையுங்கள். உள்பக்கம் பூச்சில்லாத மரமாக இருந்தால் போராக்ஸும் போரிக் பவுடரும் கரைத்த தண்ணீரை இரண்டு மூன்று முறை பூசி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். விரலால் அழுத்தினால் உள்வாங்குகிறது என்றால் கைவிட்டுவிடுங்கள்.

“சிம்பலைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? அம்மா குத்துவிளக்கை அப்படித்தான் தேய்ப்பாள்.” (வடசேரி)

ஐயோ, வேண்டாம். நல்ல சிம்பல் (செட்டோடு வாசிக்கும் உலோகத் தட்டு) பெரும்பாலும் நூற்றுக்கு எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். புளியின் அமிலம் பல வருடமாகப் படிந்த நிறத்தையும் அச்சிட்ட பெயரையும் சேர்த்தே எடுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி போதும். விளிம்பில் விரிசல் இருந்தால் அதன் நுனியில் சின்ன ஓட்டை போட்டால் மேலும் ஓடாமல் கொஞ்ச காலம் தாங்கும்.

“பழைய பிரீமியர் டாம் டிரம். 14 இஞ்ச் ஹெட் வாங்கினேன், உள்ளே இறங்கவே மாட்டேன் என்கிறது.” (தக்கலை)

ஹெட்டில் குறையில்லை. பிரீமியர் இங்கிலாந்துக் கம்பெனி. 1960-களின் பிற்பகுதிக்கு முன்பு அவர்கள் செய்த டிரம்களின் சில அளவுகள் இன்றைய அளவைவிட ஒரு மயிரிழை பெரியவை. அதற்கென்றே ஹெட் செய்து தருகிறவர்கள் உண்டு, சொல்லி வரவழைக்க வேண்டும். ஷெல்லை மட்டும் சீவிவிடாதீர்கள்.

அவசரம் இல்லையென்றால் இன்னொரு வழி: தோல். பிளாஸ்டிக் ஹெட் 1950-களின் இறுதியில்தான் பரவியது. அதற்கு முன் எல்லாம் கன்றுத் தோல்தான். ஈரத் தோலை மர வளையத்தில் மடித்துக் காயவிடும் வேலை, தவிலுக்கும் செண்டைக்கும் தோல் கட்டுகிறவருக்குக் கைப்பழக்கம். சத்தம் அருமையாக இருக்கும். ஆனால் நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தோல் தொய்ந்து தொய்ந்து உங்களை அழவைக்கும்.

“புதிதாகக் குரோம் போட்டு, கவர் ஷீட்டும் மாற்றலாமா?” (இரணியல்)

நான் ஒருமுறை நாலு ரிம்மைக் குரோம் போடக் கொடுத்தேன். பாலிஷ் போடுகிறேன் என்று அவர்கள் தேய்த்த தேய்ப்பில் இரண்டு ரிம் முட்டை வடிவத்துக்குப் போய்விட்டன. கூலியும் கொடுத்தேன். அதிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை.

ஷெல்லைச் சுற்றிய கவர் ஷீட் தொங்காமல் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். ஓரம் கிளம்பியிருந்தால் பசை வைத்து இறுக்கிக் கட்டினால் போதும். கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஹீட் கன் எடுப்பதற்கு முன் யோசியுங்கள்: பழைய முத்து நிற ஷீட்டுகள் சில நைட்ரேட் செல்லுலாய்டு, குபீரென்று பற்றிக்கொள்ளும்.

“கடற்கரை வீடு. மழைக்காலத்தில் எப்படி வைப்பது?” (முட்டம்)

கடலைப் பார்த்த சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மூடுவது பழைய பருத்தி வேட்டியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் போட்டால் உள்ளே வேர்க்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு ராடையும் அரைச் சுற்று தளர்த்தி மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள், இறுகாது. ராடைத் திருகும் டிரம் கீயை ஒரு நூலில் கட்டி ஸ்டாண்டிலேயே தொங்கவிடுங்கள். நான் தொலைத்தது இதுவரை ஆறு.