கார் ஃபைனான்ஸ் கமிஷன்: கேஸ் முடிஞ்சு போச்சுன்னு விட்டுடாதீங்க

2018ல பிரிட்டன்ல பிசிபி-ல (மாசத் தவணை கட்டி, கடைசியில பெரிய தொகை கட்டினா கார் சொந்தமாகுற கடன்) கார் எடுத்தேன், கடன் குடுத்த கம்பெனிகிட்ட டீலர் கமிஷன் வாங்குனது இப்பதான் தெரியுது, ஆனா சுப்ரீம் கோர்ட்ல பேங்க்தான் ஜெயிச்சிடுச்சுன்னு ஃப்ரெண்ட் சொல்றார்னு கேட்டிருக்கீங்க. அவர் சொல்றது பாதிதான் சரி. 2025 ஆகஸ்ட் 1 தீர்ப்புல டீலருக்கு உங்க நலனை மட்டும் பாக்கணும்ங்கிற கடமை கிடையாது, அவர் தன் லாபத்துக்கு விக்கிற ஆள்தான்னு கோர்ட் சொன்னது உண்மை. ஆனா அதே தீர்ப்புல, கேஸ் போட்ட மூணு கஸ்டமர்ல ஒருத்தர் ஜெயிச்சார், 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் ஆக்ட் 140ஏ பிரிவுல, அதாவது கடன் உறவே நியாயமில்லாததுன்னு. அவர் கேஸ்ல கமிஷன் மட்டும் கடன் தொகையில 25 சதவீதம், வட்டியும் கட்டணமும் சேர்ந்த மொத்தத்துல 55 சதவீதம்! அதுபோக பல கடன் கம்பெனில பாத்து எடுத்துக் குடுக்குற மாதிரி டீலர் பேப்பர்ல காட்டிட்டு, உண்மையில கஸ்டமரை முதல்ல ஒரே கம்பெனிகிட்டதான் அனுப்பணும்னு அந்தக் கம்பெனிக்கு முதல் உரிமை குடுத்து வச்சிருந்தாங்க.

அதனால உங்க கேஸ்ல முக்கியம் கமிஷன் எவ்வளவு, உங்ககிட்ட என்ன சொன்னாங்கங்கிறதுதான். வட்டியை ஏத்துனா டீலருக்குக் கமிஷன் கூடுற டைப்பான்னும் கேளுங்க, அதை 2021 ஜனவரில தடை பண்ணிட்டாங்க, உங்களோடது அதுக்கு முன்னாடி எடுத்தது, அதனால அந்த டைப்பா இருந்திருக்கலாம்.

நஷ்டஈடு வாங்கித் தர்றேன்னு சொல்லி அதுல 30 சதவீதம் கேக்குற க்ளெய்ம் கம்பெனி எதுலயும் தயவுசெஞ்சு கையெழுத்து போடாதீங்க. கடன் குடுத்த கம்பெனிக்கு நீங்களே ஃப்ரீயா கம்ப்ளைன்ட் எழுதலாம், அக்ரிமென்ட் நம்பர் போட்டு இன்னைக்கே அனுப்புங்க.