நிற்கிற கல்லும் கிடக்கிற கல்லும்

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் இருக்கிறேன். கணினி வேலை, ஐந்து நாளும் நாற்காலியோடு. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் சனி, ஞாயிறுகளில் பழைய வரைபடத்தையும் சாப்பாட்டுப் பொதியையும் எடுத்துக்கொண்டு, பற்றைக்குள் மறைந்துபோன வரலாற்றுக்கு முந்திய நெடுங்கற்களைத் தேடித் திரிகிறவர்களைப் பற்றி அண்மையில் வாசித்தேன். அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. இலங்கையில் அப்படிக் கற்கள் உண்டா? எங்கே தொடங்குவது? நம்மவர்கள் ஏன் தேடுவதில்லை? போன மாதம் ஹபரணைப் பக்கம் ஒரு வயலோரத்தில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். கல் ஆளுயரத்துக்கு மேல். மூவாயிரம் வருசம் இருக்குமா?

ஒரு வாசகர், கொழும்பு 06

அன்புள்ள தம்பி,

படத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் என் கதை ஒன்று.

பல வருசத்துக்கு முன் எனக்கும் இதே பைத்தியம் இருந்தது. வன்னியில் ஒரு குளத்துக் கட்டுக்குக் கீழே, பாலை மர நிழலில், என் தோள் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. கரடுமுரடு, உளி படாத கல். நாடாவை எடுத்து உயரம் அளந்தேன், அகலம் அளந்தேன், சூரியன் எந்தப் பக்கம் விழும் என்று கொப்பியில் படம் கீறினேன். கொஞ்ச நேரத்தில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். புதையல் தோண்ட வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. வந்த விசயத்தைச் சொன்னேன். ஒரு பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தம்பி, உது என்ர அப்பர் நட்டது. எருமை கட்டுறதுக்கு. கல்லு வந்தது லொறியில" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? அன்று அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.

அந்த எருமைக் கல் எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது. நம் நாட்டில் நிற்கிற கல் பெரும்பாலும் இளசு. பழசு எல்லாம் கிடக்கிறது.

"நான் இங்கே குத்துக்கல்லு மாதிரி நிக்கிறன், கண் தெரியேல்லையோ" என்று வீட்டில் திட்டு வாங்காத பிள்ளை இருக்காது. நம் பேச்சிலேயே குத்துக்கல் அவ்வளவு பழக்கம், ஏனென்றால் நாம் கல் நட்டுக்கொண்டே இருந்தவர்கள். மாடு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, காணி எல்லைக்கு ஒரு கல். யாழ்ப்பாணத்தின் பழைய தெருக்களில் இன்றும் கேணியும் மடமும் இருக்கிற இடத்தில் ஆவுரோஞ்சிக் கல்லைப் பார்க்கலாம். உடம்பு அரிக்கிற மாட்டுக்கு ஒரு தறி நடுவதை முப்பத்திரண்டு அறங்களில் ஒன்றாக எண்ணிய ஆட்கள் நாம். மாடு உரசி உரசி வழவழப்பான அந்தக் கல்லைப் பார்த்து மூவாயிரம் வருசம் என்று மயங்குவது சுலபம். இங்கிலாந்தில் கதை நேர்மாறு. அங்கே உண்மையான நெடுங்கல்லைப் பிற்காலத்துக் குடியானவன் படலைத் தூணாக ஆக்கிவிட்டான், மாடு உரசவும் விட்டுவிட்டான். அதனால்தான் அங்கே தேடுகிறவர்கள் வேலியையும் படலையையும் விடாமல் பார்க்கிறார்கள்.

ஏவ்பரி என்ற ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊரையே சுற்றி நிற்கும் கல்வட்டம் அது. மத்திய காலத்தில் அந்த ஊர்ச் சனங்களே கற்களைச் சாய்த்துக் குழியில் புதைத்தார்கள். 1930களில் அலெக்சாண்டர் கீலர் என்பவர் புதைந்த கற்களைத் தோண்டித் தோண்டி நிமிர்த்தினார். 1938இல் ஒரு கல்லுக்கடியில் மனித எலும்புக்கூடு. கூடவே கத்தரிக்கோல், ஒரு சிறு சத்திரக் கருவி, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வெள்ளிக் காசுகள். நாவிதனும் வைத்தியனுமாக ஊர் ஊராகப் போனவன் என்று நினைத்தார்கள். கல் சாய்ந்து நசுங்கினானா, செத்தவனைக் கொண்டுவந்து குழியில் போட்டார்களா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அங்கேயும், பாருங்கள், கிடந்த கல்தான் கதை சொன்னது.

சரி, இலங்கை. தனித்து நிற்கும் நெடுங்கல் இங்கே அரிது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். இங்குள்ள பெருங்கற்கால மக்கள் விட்டுப்போனவை கூடுதலாக மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் கல்லறைகளும் தாழிகளும். முதலில் இப்பன்கட்டுவைக்குப் போங்கள். குருநாகல் வழியாகத் தம்புள்ளை போகிற பஸ்ஸில் ஏறி, ஊருக்குச் சில கிலோமீட்டர் முன்பாகவே இறங்கவேண்டும். 1970இல் கண்டுபிடித்த இடம். கிறிஸ்துவுக்கு முன் 700க்கும் 400க்கும் இடைப்பட்ட காலம் என்கிறார்கள். நாலு பக்கமும் பலகைக்கல்லை நிறுத்தி, மேலே ஒரு பலகைக்கல்லால் மூடிய பெட்டிகள். உள்ளே சாம்பலும் எலும்பும் பானைகளும் சிவப்பு மணிகளும் இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குந்தியிருந்து பாருங்கள். பலகைகளின் மேல் விளிம்பு மட்டும் மண்ணுக்கு வெளியே நாலு கோடாகத் தெரியும். அந்த நாலு கோடு கண்ணில் பதிந்துவிட்டால் பிறகு எந்தப் பற்றைக்குள்ளும் அது உங்களைக் கூப்பிடும்.

இது தவிர மட்டக்களப்பில் கதிரவெளி உண்டு. கேகாலை மாவட்டத்தில் ரம்புக்கனைப் பக்கம் படவிகம்பொலையில் ஒரு கல்திட்டை, அதாவது நிறுத்திய கற்களின் மேல் பலகைக்கல் வைத்த அமைப்பு, உண்டு. பொம்பரிப்பு வில்பத்துக் காட்டுக்குள் இருக்கிறது. அங்கே கல் இல்லை, தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரில் இருப்பதைப் போன்ற தாழிகள்தான். யாழ்ப்பாணத்தில் ஆனைக்கோட்டை. 1980இல் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது ஒரு புதைகுழியில் பிராமி எழுத்துள்ள சிறு முத்திரை கிடைத்தது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி, பலகை பலகையாகப் பெயர்த்தெடுக்கக் கருங்கல் அங்கே ஏது? ஆகவே அங்கே போய் நெடுங்கல் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம்.

நெடுங்கல்லேதான் வேண்டும் என்றால் கடல் தாண்டவேண்டும். தெலுங்கானாவில், கிருஷ்ணை ஆற்றங்கரையில், முடுமல் என்ற ஊரில் பத்தடிக்கு மேலான கற்கள் வயலுக்குள் நிற்கின்றன. ஊரார் வைத்த பெயரே 'நிலுவு ராள்ளு', நிற்கும் கற்கள். 2025இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். நம்மவர்கள் தேடுவதில்லை என்றீர்களே, அது சரியில்லை. தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டது என்ன? தமிழ் பிராமி வெட்டிய நடுகல். மாடு கவர்ந்த சண்டையில் செத்தவனுக்கு நட்டது. மாடு கவர்தலைக் குறிக்கும் 'ஆகோள்' என்ற சொல் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. சங்கப்பாட்டு நடுகல் நடுகல் என்று பாடியதை வெறும் பாட்டு என்று நினைத்திருந்தவர்களின் வாயை அது அடைத்தது.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். காட்டில் தொடங்கவேண்டாம், ஊர்ப் பெயரில் தொடங்குங்கள். அனுராதபுர மாவட்டத்தில் கல்சொஹொன்கனத்த என்று ஓர் இடம். சிங்களத்தில் கல் கல்லேதான், சொஹொன் என்றால் கல்லறை, கனத்த வேறொன்றுமில்லை, பொரளைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது "கனத்தை இறக்கம்" என்று கத்துவார்களே, அந்தப் பொரளை மயானத்தின் கனத்தைதான். அங்கே இருப்பதும் பெருங்கற்காலக் கல்லறைகள்தான். பெயர் வைத்தவர்களுக்கு விசயம் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் காது இல்லை. தமிழ்நாட்டில் இவற்றைப் பாண்டவர் குழி, வாலியர் வீடு என்பார்கள். இப்படி ஊருக்கு ஒரு கதை இருக்கும். நாரஹேன்பிட்டியில் நில அளவைத் திணைக்களம் வரைபடம் விற்கிறது. ஒரு தாளை வாங்கி, ஒரு மழைநாள் முழுக்கப் பெயர்களை மட்டும் வாசித்துப் பாருங்கள். அப்புறம் அந்த ஊருக்குப் போய்த் தேநீர்க் கடையில் உட்காருங்கள். சிங்களம் ஓரளவாவது வரவேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு வராது என்று சொல்லாதீர்கள்.

கண்ணைப் பழக்க அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டியதில்லை. நம் தேசிய நூதனசாலையில் காலியிலிருந்து வந்த மும்மொழிக் கல்வெட்டு நிற்கிறது. 1409ஆம் ஆண்டுத் தேதி போட்டு, சீனத் தளபதி செங் ஹேயின் ஆட்கள் கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம். தமிழ்ப் பகுதி தெவிநுவரைத் தெய்வத்தைத் தேனாவரை நாயனார் என்று கொண்டாடுகிறது. அதை 1911இல் எங்கே கண்டார்கள் தெரியுமா? காலியில் ஒரு மதகுக்கு மூடியாக, எழுத்துப் பக்கம் கீழே. வரலாற்றுக்கு முந்தியதில்லைதான். ஆனால் ஒரு கல் எப்படி ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடப் பாடம் கிடையாது. பிரயாணம் போகிற இடத்தில் மதகையும் கிணற்றடியையும் வாசற்படியையும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். எதைக் கண்டாலும் தோண்டக்கூடாது, புரட்டவும் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். சட்டம் இருக்கட்டும், புரட்டின கல் பிறகு ஒன்றும் சொல்லாது. இன்னொன்று, வடக்கு கிழக்கில் பழைய கல் ஒன்று தலைகாட்டினால் அடுத்த கிழமையே அது யாருடைய கல் என்ற சண்டை வந்துவிடுகிறது. சண்டைக்குக் காரணம் உண்டு. காணி போன சனத்துக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்தத் தாழிக்குள் கிடக்கிறவனிடம் நம் இரண்டு தரப்பும் போய் அடையாள அட்டை கேட்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அவனுடைய கறுப்பு-சிவப்புப் பானை கந்தரோடையிலும் இருக்கிறது, அனுராதபுரத்திலும் இருக்கிறது, ஆதிச்சநல்லூரிலும் இருக்கிறது.

இனி உங்கள் படம். பெரிதாக்கிப் பார்த்தேன். நிற்கிற கல் நாலு பக்கமும் சதுரம். வலப்பக்க விளிம்பில் மேலிருந்து கீழாக ஒரே இடைவெளியில் பாதிக் குழிகள், கடித்த பிஸ்கட் மாதிரி. ஆப்பு வைத்துப் பிளந்த அடையாளம் அது. உச்சியில் சிறு குமிழ் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, உத்தரத்தைப் பொருத்த. ஆகவே இது அனுராதபுரக் காலத்துக் கட்டடம் ஒன்றின் தூண். மூவாயிரம் இல்லை. தானத்தைப் பதிந்த கல்வெட்டுத் தூணாக இருந்தால் காகமும் நாயும் செதுக்கியிருப்பார்கள், தானத்தைக் குழப்புகிறவன் அப்படிப் பிறப்பான் என்று. அடுத்த முறை மறுபக்கத்தையும் சுற்றிப் பாருங்கள்.

ஆனால் அதே படத்தின் இடது மூலையில், வாய்க்கால் ஓரம், ஒரு பெண் உடுப்புத் தோய்க்கிறாளே, அவள் அடிக்கிற கல்லைக் கவனித்தீர்களா? அகலமான பலகை, ஆப்புத் தடம் எதுவும் தெரியவில்லை. அதற்குப் பின்னால் புல்லுக்குள் இன்னொரு விளிம்பும் மண்ணோடு மட்டமாக ஓடுகிறது. அடுத்த முறை போகும்போது அவளிடம் கேட்டுக்கொண்டு அதைக் கிட்டப் போய் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள், அளவு தெரியும். புல்லுக்குள் கையை விடவேண்டாம், பாம்பிருக்கும்.

அன்புடன்.